ஏலக்காய் ஊரில் ஒரு லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்

எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், எம்.எஸ்சி. ஐ.டி., எம்.சி.ஏ. என்று பெயர் எதுவானாலும், நம்ம பக்கம் இந்தப் படிப்புகள் ஒரே மாதிரிதான் முடிகின்றன: கடைசி செமஸ்டரில் ஒரு ப்ராஜெக்ட், பைண்டிங் போட்ட ஓர் அறிக்கை, பத்து நிமிட வைவா. தேனி, கம்பம் பக்கத்துப் பிள்ளைகளின் அறிக்கைகள் பலவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட், ஆன்லைன் ஷாப்பிங். கொஞ்சம் புதுசா யோசித்தவர் என்றால், முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மென்பொருள்.

தலைப்பு பழசாக இருப்பதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. உள்ளே இருக்கும் டேட்டாதான் உறுத்துகிறது. டேபிளில் பத்து வரி. பத்தும் மாணவரே உட்கார்ந்து தட்டியது. எல்லா போன் நம்பரிலும் சரியாகப் பத்து இலக்கம். எல்லாத் தேதியும் காலண்டரில் உள்ள தேதி. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. இப்படிப்பட்ட டேட்டாவில் எந்த நிரலும் ஓடும். இதைத்தானே பி.எஸ்சி.யிலும் செய்தார்கள்? அப்புறம் நடுவில் இரண்டு வருஷம் எதற்கு? முதுநிலைப் படிப்புக்கு என்று தனியாக ஒரு வேலை இருக்குமானால், அது விடை முன்கூட்டித் தெரியாத, அழுக்கு நிறைந்த தரவோடு மல்லுக்கட்டுவதுதான் என்பது என் கட்சி.

அந்த அழுக்குக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பஞ்சமே இல்லை. போடிநாயக்கனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் இங்கே நடக்கிறது; மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரில் விலை கேட்பார்கள். ஏலம் முடிந்ததும் ஏலம் நடத்திய நிறுவனம், எத்தனை லாட், வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை என்று ஒரு வரி போர்டின் இணையதளத்தில் ஏறிவிடும். வருஷக்கணக்கில் சேர்ந்து கிடக்கிறது. யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு முதுநிலை மாணவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த வரிகள் சாது மாதிரி தெரியும். இறங்கினால்தான் தெரியும் சங்கதி. 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. பத்திரிகையில் அதுதான் தலைப்பு. ஆனால் அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே. கம்பத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கு அந்த 7,000 என்ன சொல்கிறது? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எடையோடு சேர்த்துப் பார்த்தால்தான் சராசரிக்கே அர்த்தம் வரும். புள்ளியியல் பேப்பரில் இதையெல்லாம் படித்துப் பாஸ் பண்ணியவர்கள்தான் நம் மாணவர்கள். ஆனால் படித்ததைச் சொந்த ஊர்ச் சரக்கின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அடுத்தது இன்னும் காரமான விஷயம். ஏலத்தில் வாங்கிய காயையே சில வியாபாரிகள் திரும்பவும் ஏலத்தில் கொண்டுவந்து வைக்கிறார்கள், அதனால் வரத்து அதிகம் போலத் தெரிந்து விலை இறங்குகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். ரீ-பூலிங் என்பார்கள். தினசரி வரத்தை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். லாட் வாரியாக விவரம் வேண்டும். ஆனால் எந்தத் தரவு இருந்தால் முடியும், இருப்பதை வைத்து எதுவரை போகலாம், எந்த இடத்தில் ஊகம் தொடங்குகிறது என்று ஒரு மாணவர் நாற்பது பக்கம் எழுதினால், அதற்கு எம்.எஸ்சி. கொடுக்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம்.

ஊர்ப் பெயர்கூட ஒரு பாடம். கம்பத்தை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் காலத்து எழுத்துக்கூட்டல்படி தேடினால், ஆந்திராவில் ஏரியோடு இருக்கிற இன்னொரு ஊரும் வந்து நிற்கும். போடிக்கும் உத்தமபாளையத்துக்கும் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பட்டியல்களில் இருக்கும் ஊர்களைப் பொருத்துவதே ஒரு வாரத்தைத் தின்றுவிடும். சிலபஸில் ‘டேட்டா கிளீனிங்’ என்று ஒரே வரியில் போய்விடுகிற சமாச்சாரம் இது.

“வேலைக்குப் போற பையனுக்கு ஏலக்காய் எதுக்கு சார்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். விவசாயக் கூலியில் ஃபீஸ் கட்டும் வீட்டுக்கு, படிப்பு சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வேலையாக மாறியாக வேண்டும். ஆனால் இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் வரும் கேள்விகளில் ஒன்று, “உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க”. மதுரையில் ‘ஐ.இ.இ.இ. ப்ராஜெக்ட்’ என்று போர்டு போட்ட கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிவந்தவர் அங்கே இரண்டாவது கேள்வியைத் தாண்டுவது கஷ்டம். 2020 ஊரடங்கில் ஏலம் நின்றுபோன வாரங்களைப் பூஜ்யமாக வைப்பதா, விடுபட்டதாக வைப்பதா என்று ராத்திரி உட்கார்ந்து முடிவெடுத்தவருக்கு அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒருவர் தலையில் பதினைந்து ப்ராஜெக்ட் விழுந்தால் அவரும்தான் என்ன செய்வார்? நேரமும் சுருங்கிவிட்டது. மூன்று வருஷமாக இருந்த எம்.சி.ஏ.வை ஏ.ஐ.சி.டி.இ. 2020-21 முதல் இரண்டாக்கியது. வேறு பட்டம் படித்துவிட்டு வருகிறவர் அடிப்படையையே பிரிட்ஜ் கோர்ஸில் பிடித்தாக வேண்டும். வெட்டு விழுந்ததில் முதலில் மெலிந்தது நிதானம்தான். சுருங்கிய காலத்தில் லைப்ரரி மேனேஜ்மென்ட் சுலபமான வழி என்பது புரிகிறது. அதனாலேயே அது முதுநிலைப் படிப்பு ஆகிவிடாது.

ஏலக்காய் பிடிக்காதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. முல்லைப்பெரியாறில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கிருந்து லோயர் கேம்ப் வழியாக இறங்கும் தண்ணீர் பள்ளத்தாக்கு முழுக்க ஓடி, 71 அடி வரை தேக்கக்கூடிய வைகை அணைக்கு வருகிறது. வைகையில் 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அணை மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் எல்லாம் நாளிதழில் தினமும் வருகிறது. மழைக் காலத்தில் 66-லிருந்து 69-க்குப் போக எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பது ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. தினசரி அளவை மட்டும் வைத்து அதை எவ்வளவு நம்பகமாகச் சொல்ல முடியும் என்று பார்க்க ஒரு லேப்டாப் போதும். கேம்பஸில் இருக்கிற பழைய லேப் மெஷினே போதும்.