விலைக்கு நல்லது: மலிவு இயர்பட்ஸும் கேட்டலின் அரசியலும்

‘இந்த விலைக்கு நல்லாவே இருக்கு.’ மலிவு விலை இயர்பட்ஸைப் பற்றித் தமிழில் வருகிற வீடியோ மதிப்புரைகளில் பலவும் கடைசியில் வந்து சேருமிடம் இந்த ஒற்றை வாக்கியம்தான். பாராட்டு மாதிரி ஒலிக்கிற இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘நல்லா இருக்கு’ என்பது பொருளைப் பற்றிய தீர்ப்பு. ‘இந்த விலைக்கு’ என்பது பொருளைப் பற்றியதே அல்ல, வாங்குகிறவரைப் பற்றியது. ஆயிரம் ரூபாய் கொடுக்கிற உனக்கு இதுக்கு மேல என்ன வேணும் என்பதன் நாசூக்கான வடிவம் அது. ரேஷன் அரிசியைப் பற்றியும் டவுன் பஸ்ஸைப் பற்றியும் இதே தொனியில்தான் நம்மிடம் பேசிவந்திருக்கிறார்கள்.

சிறுபத்திரிகையில் இயர்பட்ஸுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ரசனை என்பது பிறவிக்கொடை அல்ல, வர்க்கங்கள் தம்மைப் பிரித்துக்காட்டிக்கொள்ளும் கருவி என்று பூர்தியூ 1979இல் விரிவாக எழுதியதை வைத்துக்கொண்டு நாவலையும் நவீன ஓவியத்தையும் நாம் பேசியாயிற்று. ஆனால் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு விடுதிக்குத் திரும்புகிற பெண்ணும், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிற பையனும் தினமும் கைக்கொள்கிற கலைச்செயல் கேட்டல்தான். பாட்டு, மேடைப்பேச்சு, கதை எல்லாமே அந்த இரண்டு பிளாஸ்டிக் குமிழ்கள் வழியாகத்தான் அவர்களை வந்தடைகின்றன. கேட்டல் பின்னோக்கிப் போய்விட்டது என்று 1938இல் அடோர்னோ கேட்பவனைக் கடிந்துகொண்டார். கேட்பவனின் காதில் எதைச் செருகினார்கள் என்பதை நாம் கேட்போம்.

விலை ஏற ஏற ஒலி நன்றாகும் என்பது பொதுப்புத்தி. 2017இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வெளிவருகிறது என்பதற்கும் விலைக்கும் இடையே அவருக்குத் தொடர்பு எதுவும் தென்படவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இயர்போனுக்குள் இருப்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், மெல்லிய படலம். ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பவை படலத்தின் பின்னால் விட்ட காற்றுத்துளையின் அளவு, குழலின் நீளம், வலைத்துணியின் அடர்த்தி போன்றவை. இவற்றைச் சரியாக அமைப்பதற்கு அறிவும் அக்கறையும் வேண்டும், தங்கம் வேண்டாம். 2022இல் வந்த மூன்டிராப் சூ என்கிற சீன வயர் இயர்போன் ஏறக்குறைய 20 டாலர் விலையில், பல மடங்கு விலையுள்ளவற்றுக்குச் சமமாக வைத்துப் பேசப்பட்டது.

வயர் இல்லாத இயர்பட்ஸில் விஷயம் இன்னும் அப்பட்டமானது. அதற்குள் ஒரு ப்ளூடூத் சில்லு இருக்கிறது. எந்த ஸ்தாயியை ஏற்றுவது, எதை இறக்குவது என்பது பல மாடல்களில் அந்தச் சில்லுக்குள் எழுதப்பட்ட சில எண்கள்தான். 5 என்று எழுதினாலும் 2 என்று எழுதினாலும் பொருளின் செலவு மாறப்போவதில்லை. அப்படியானால் நம் கைக்கு வரும் மலிவு இயர்பட்ஸ் பலவற்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது ஏன்? பணம் போதாததால் அல்ல. வாங்குகிறவனைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கிறது: இவனுக்குக் ‘கும்’முன்னு இருந்தா போதும். அந்த அபிப்பிராயம்தான் எண்ணாக மாற்றப்பட்டு நம் காதுக்குள் திருப்பி அனுப்பப்படுகிறது. பிறகு அதையே ‘மார்க்கெட் கேட்கிறது’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பேஸ் விவகாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியில் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று அச்சடித்து விற்கப்படுவது பல நேரங்களில் பேஸே அல்ல. நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மலிவு இயர்பட்ஸில் பெரும்பாலும் வீங்கியிருப்பது அதற்கு மேலே, 100இலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. ஆண்குரலின் அடிப்பகுதியும் மிருதங்க வலந்தலையின் உடலும் மோதிக்கொள்கிற இடம் அது. அங்கே வீக்கம் கொடுத்தால் சத்தம் பெருத்ததுபோல் தோன்றும், ஆனால் ஸ்வரம் ஸ்வரமாகப் பிரியாது. 1980களின் இளையராஜா பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பேஸ் கிதார் தாளத்துக்குத் துணை போகிற கூலியாள் இல்லை, பாட்டுக்கு அடியில் தனக்கென்று இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகிறது. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின்களுக்குக் கீழே தாழ்ந்த ஸ்தாயி நகர்வதைப் பின்தொடர முடிகிறதா என்று கேட்டுப்பாருங்கள். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ இயர்பட்ஸில் பேஸ் நிறைய இருக்கும், பேஸ் கிதார் கேட்காது. பெருக்கிக் காட்டுவதாகச் சொல்லி ஒன்றை அழிக்கிற வித்தை இது. மக்கள் ரசனை என்ற பெயரில் மக்களுக்கு மறுக்கப்படுவது இங்கே மிகச் சிறந்த வெகுஜன இசையின் நுட்பம்தான்.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பேஸ் என்றாலே ஷேர் ஆட்டோ, குத்துப்பாட்டு, கோயில் கொடை என்று மூக்கைச் சுளிக்கிற சபாக் காது. ‘நியூட்ரல்’ என்பதுதான் இவர்களின் தாரக மந்திரம். இவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுகிற ஹார்மன் இலக்குக் கோடே தாழ்ந்த ஸ்தாயியைக் கணிசமாக உயர்த்தித்தான் வரையப்பட்டிருக்கிறது என்பது வேடிக்கை. ஷான் ஆலிவும் அவரது கூட்டாளிகளும் ஹார்மன் நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச்செய்து உருவாக்கிய கோடு அது. 2018இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில் 130 பேர் கலந்துகொண்டார்கள். 64 சதவீதத்தினர் அந்தக் கோட்டை ஒட்டிய ஒலியை விரும்பினார்கள். 15 சதவீதத்தினர் அதைவிடக் கூடுதல் பேஸையும், 21 சதவீதத்தினர் குறைவான பேஸையும் விரும்பினார்கள். கடைசிப் பிரிவில் பெண்களும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் அதிகம். ஆக, ஒற்றைக் காது என்று எதுவும் இல்லை என்பதை அந்தச் சோதனைக்கூடமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் பெயரால் வாதாடுகிற இங்குள்ள விற்பன்னர்கள்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

அளவுகோல் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். 2014இல் அவர்கள் பண்பாட்டு வேறுபாட்டைச் சோதித்தபோது 238 பேரைக் கேட்கவைத்தார்கள். நாடுகள் அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனா. நாயனத்தையும் தவிலையும் பறையையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. 2017இல் அந்த நிறுவனத்தையே இயர்பட்ஸ் விற்கிற சாம்சங் வாங்கிவிட்டது. இதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. அது ஓரளவு நம்பத்தக்க வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதை உலகப் பொதுக்காதின் சாசனமாக நீட்டும்போது, யாரை உட்காரவைத்துக் கேட்டீர்கள், எந்த அறையில் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. சோதனை அறை அமைதியானது. டவுன் பஸ்ஸின் என்ஜின் பக்கத்து சீட் அப்படியல்ல. என்ஜினின் உறுமல் தாழ்ந்த ஸ்தாயியைத்தான் முதலில் விழுங்குகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவன் கொஞ்சம் பேஸைக் கூட்டி வைத்துக்கொள்வது பாமரத்தனம் இல்லை, கணக்குப்படி சரி.

மதிப்பிடுகிற மொழியும் இரவல்தான். ‘சவுண்ட்ஸ்டேஜ்’, ‘இமேஜிங்’, ‘கிரிஸ்ப்’ என்று அடுக்குகிறவர்கள் வாயில் ஒரு தமிழ்ச்சொல் வருவதில்லை. கணீர், கரகரப்பு, கம்மல், கீச்சு, தகரச் சத்தம், அடைச்ச தொண்டை என்று நம் தெருவில் ஒலிக்கு எத்தனை சொல்! பாட்டு பதிந்து கொடுத்த கேசட் கடைக்காரர்கள் இந்தச் சொற்களை வைத்தே கறாராகத் தரம் பிரித்தார்கள். உரிச்சொல் தோன்றும் களங்களில் இசையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். கானல்வரியில் மாதவி குற்றமற்ற யாழையே வாங்குகிறாள். அப்படியும் உடனே பாடிவிடவில்லை. பண்ணல், பரிவட்டணை என்று தொடங்கி எட்டு வகையில் நரம்பைத் தொட்டுப் பார்த்து, செவியால் ஆராய்ந்த பிறகே யாழைக் கோவலனிடம் நீட்டுகிறாள். பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ‘கணீர்’ என்று ஒருவர் சொன்னால் 2000இலிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி ஒழுங்காக இருக்கிறது என்று ஏறக்குறைய அர்த்தம். நாகஸ்வரத்தின் கார்வையும் பெண்குரலின் தெளிவும் அங்கே இருக்கின்றன. பேஸும் கீச்சும் ஏறி இந்தப் பகுதி பள்ளமாகிப்போனதைத்தான் மலிவு மாடல்களில் ‘பஞ்ச்’ என்று கொண்டாடுகிறார்கள்.

சரி, எப்படிக் கேட்டுப் பார்ப்பது? இரண்டு இயர்பட்ஸை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே உரப்பில் வையுங்கள். இது ஒன்றைச் செய்யாத மதிப்புரையைப் படிக்கவே வேண்டாம். ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஸ்தாயிகளைக் காது குறைத்தே கேட்கிறது என்று 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் கொஞ்சம் உரக்க ஒலிக்கிற எதுவும் ‘நிறைவாக’ ஒலிப்பதுபோல் ஏமாற்றும். அடுத்தது ரப்பர் முனை. பெட்டியில் வருகிற மூன்று அளவுகளையும் மாட்டிப் பார்க்காமல் பேஸ் இல்லை என்று திட்டுகிறவர்கள் திட்டுவது சொந்தக் காதின் ஓட்டையை. காது அடைபடவில்லையென்றால் தாழ்ந்த ஸ்தாயி கசிந்துவிடும், வெளிச்சத்தம் உள்ளே வரும், ஒலியைக் கூட்டுவோம். இதில் ரசனை மட்டுமல்ல, காதே பணயம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த வரம்பு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். பஸ்ஸில் போய்வருகிறவர் இதை வெகு சுலபமாகத் தாண்டிவிடுவார். பிறகு, பத்து நிமிஷம் கேட்டுத் தீர்ப்பெழுதாமல் இரண்டு மணி நேரம் கேட்க வேண்டும். கீச்சு முதலில் ‘தெளிவு’ வேஷம் போடும், இரண்டாவது மணியில்தான் அதன் யோக்கியதை தெரியும்.

விலையைப் பொறுத்து நிஜமாகவே மாறுகிற விஷயங்களும் உண்டு, இல்லை என்று வாதாடினால் அது ரொமான்டிசிசம். இரைச்சலை அடக்கும் திறன், மைக், இரண்டு காதும் ஒன்றுபோல் ஒலிப்பது, பேட்டரி ஆகியவற்றில் காசு பேசும். இவற்றில் மைக்கை மதிப்புரைகள் கடைசி இரண்டு வரியில் தள்ளிவிடுகின்றன. டெலிவரி பையனுக்கு இயர்பட்ஸ் என்பது ஒரு காதில் வழி சொல்கிற, வாடிக்கையாளரிடம் பேசுகிற வேலைக்கருவி. ‘அண்ணா, கேட்கல, சத்தமா பேசுங்க’ என்று நடுரோட்டில் நின்று கத்த வைக்கிற இயர்பட்ஸின் ஒலி எவ்வளவு ‘சினிமாட்டிக்’காக இருந்தால் அவனுக்கென்ன?

பேட்டரி இன்னும் மோசமான கதை. 2016 செப்டம்பரில் ஆப்பிள் ஐபோன் 7இலிருந்து ஹெட்போன் துளையை எடுத்துவிட்டு, அதே மேடையில் ஏர்பாட்ஸை அறிமுகப்படுத்தியது. பழுதுபார்க்கும் தகுதிக்கு ஐஃபிக்ஸிட் அந்த ஏர்பாட்ஸுக்குக் கொடுத்த மதிப்பெண் 10க்கு 0. ஒட்டி மூடிய குமிழுக்குள் சின்ன லித்தியம் பேட்டரி, அது சில ஆண்டுகளில் களைத்ததும் முழுசும் குப்பை. விலை குறைந்த பிரதிகள் அந்த இலக்கணத்தை அப்படியே கடைப்பிடித்தன. இது தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல. 2024இல் ஃபேர்போன் நிறுவனம் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே மாற்றிக்கொள்ளக்கூடிய ஃபேர்பட்ஸைக் கொண்டுவந்தது. அப்போது அதன் விலை 149 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரிச் சட்டம், பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி சாதனங்களின் பேட்டரிகள் இருக்க வேண்டும் என்ற விதிக்கு 2027 பிப்ரவரியை நாளாகக் குறித்திருக்கிறது.

ஆகவே ஆயிரம் ரூபாயை ஆயிரம் ரூபாயாக மட்டும் எழுதுகிற மதிப்புரையை இனி ஏற்கக் கூடாது. பத்து மாதத்தில் செத்துப்போனால் அது மாதம் நூறு ரூபாய். துளை உள்ள போன் இன்னும் கையில் இருக்கிறவருக்கு நானூறு ரூபாய் வயர் இயர்போன் மூன்று வருஷம் ஓடினால் மாதம் பதினோரு ரூபாய், சார்ஜ் போடுகிற வேலையும் இல்லை. துளை இல்லாத போனுக்கு டைப்-சி வயர் இயர்போன்கள் வந்துவிட்டன. மதிப்புரை எழுதுகிற தோழர்கள் வாங்கிய நாளில் ஒரு முறையும், அடுத்த வருஷம் அதே தேதியில் இன்னொரு முறையும் எழுதட்டும். பெட்டியைப் பிரிக்கிற காட்சியை வேண்டுமானால் விட்டுவிடலாம்.