இங்கத்து ஆட்கள்: உக்ரேனிய தேசிய அடையாளம் பற்றிய ஆய்வுகள்

1931இல் போலந்து அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது. அன்றைய போலந்தின் கிழக்கு ஓரத்தில் பொலேசியா என்றொரு சதுப்புநில மாகாணம் இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி பெலாரஸிலும் மிச்சம் உக்ரைனிலும் கிடக்கிறது. தாய்மொழி எது என்று கேட்டுக்கொண்டு போன கணக்கர்களுக்கு அங்கே 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் பதிவான விடை ‘துதெய்ஷி’. ‘இங்கத்தது’ என்று பொருள். பேசுவது இங்கத்துப் பேச்சு, நாங்கள் இங்கத்து ஆட்கள், அவ்வளவுதான். மாகாணத்தில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கட்டத்தில் அடைபட்டார்கள்.

இந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்று ஆய்வாளர்கள் எச்சரிப்பார்கள். உக்ரேனியர், பெலாரஸியர் எண்ணிக்கை குறைவாகத் தெரிவது வார்சா அரசுக்கு வசதியாக இருந்தது; அப்படி ஒரு கட்டத்தைப் படிவத்தில் திறந்து வைத்ததே அரசியல்தான். ஆனால் அந்த விடையை அதிகாரிகள் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. தேசியவாதிகளுக்கு அது தலைகுனிவாக இருந்தது: விழிப்படையாத குடியானவனின் அறியாமை என்றார்கள். உக்ரேனிய தேசியம் பற்றிக் கடந்த ஒரு நூற்றாண்டில் எழுதப்பட்ட ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, சண்டையெல்லாம் அந்தக் குடியானவனின் விடையைச் சுற்றியே நடந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உக்ரேனியர் என்பவர் ஒரு மொழிக்கும் வம்சத்துக்கும் உரியவரா, ஒரு மண்ணுக்கு உரியவரா?

முதல் பெரிய விடை மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கியுடையது. 1894இல் ஆஸ்திரியப் பேரரசின் லிவிவ் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர். ‘உக்ரைன்-ரூஸின் வரலாறு’ என்ற பெருநூலின் முதல் தொகுதி 1898இல் வந்தது. பத்துத் தொகுதிகள் வரை நீண்டது. ரஷ்ய வரலாற்றாசிரியர்கள் ஒரே நேர்கோடு போட்டிருந்தார்கள்: பழைய கீவ் அரசு, பிறகு விளாதிமிர், பிறகு மாஸ்கோ, கடைசியில் பீட்டர்ஸ்பர்க். 1904இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் ஹ்ருஷெவ்ஸ்கி அந்தக் கோட்டை அறுத்தார். கீவ் அரசு உக்ரேனிய மக்களின் சொத்து, மாஸ்கோவின் கதை வேறு என்றார். அரசுகள் வரும் போகும், மக்கள் தொடர்கிறார்கள் என்பதே அவருடைய நிலைப்பாடு. அரசே இல்லாத ஓர் இனத்துக்கு வரலாறு எழுத வேறு வழியும் இல்லை. 1917இல் அவரே கீவில் மத்திய ராதா என்ற உக்ரேனியப் பேரவைக்குத் தலைவரானார். 1924இல் சோவியத் உக்ரைனுக்குத் திரும்பினார். 1931இல் கைது, மாஸ்கோவுக்கு நாடுகடத்தல், 1934இல் மரணம். செர்ஹி பிளோகி 2005இல் இவரைப் பற்றி எழுதிய நூல், ஒரு பேரரசின் வரலாற்றுக் கதையை ஒரு பேராசிரியர் எப்படிக் கழற்றிப் போட்டார் என்பதை விரிவாகக் காட்டுகிறது.

ஆனால் ‘மக்கள்’ என்றாலே சிக்கல். எந்த மக்கள்? ஹெகலும் பிறகு ஏங்கெல்ஸும் சில இனங்களை ‘வரலாறற்றவை’ என்று ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கலை மார்க்ஸியராக இருந்துகொண்டே தோலுரித்தவர் ரோமன் ரோஸ்டோல்ஸ்கி. லிவிவில் பிறந்து, ஆஷ்விட்ஸில் அடைபட்டு உயிர் தப்பியவர். கனடாவில் வாழ்ந்த இவான் லிசியாக் ருட்னிட்ஸ்கி அதே சொல்லை வசவாக எடுக்காமல் கருவியாக எடுத்துக்கொண்டார்: மேட்டுக்குடியைப் போலந்திடமும் ரஷ்யாவிடமும் பறிகொடுத்து, நகரமும் அரசும் இல்லாமல் போன சமூகம் என்றே அதற்குப் பொருள் சொன்னார். இலக்கிய ஆய்வாளர் ஜார்ஜ் கிராபோவிச் 1981இல் இதை மறுத்தார். பண்பாடு தொடர்ந்து இயங்கும் இடத்தில் வரலாறு எப்படி அறுந்துபோகும் என்பது அவர் தரப்பு. பல்கலைக்கழக மேசைச் சண்டைதான், ஆனாலும் வெறும் சொற்சண்டை என்று தள்ள முடியாது. 1995இல்கூட மார்க் வான் ஹேகன் ‘உக்ரைனுக்கு வரலாறு இருக்கிறதா?’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த நூல் ஜான்-பால் ஹிம்காவுடையது. ரோஸ்டோல்ஸ்கியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. செக் வரலாற்றாசிரியர் மிரோஸ்லாவ் ஹ்ரோக், சிறு தேசங்கள் மூன்று கட்டங்களில் உருவாகின்றன என்றார்: முதலில் பாட்டும் பழமொழியும் சேகரிக்கும் அறிஞர்கள், பிறகு ஊர் ஊராகப் போகும் கிளர்ச்சியாளர்கள், கடைசியில் திரளும் மக்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு எப்படித் தாவுகிறார்கள்? ஹிம்கா 1988இல் வெளியிட்ட நூலில் லிவிவைச் சுற்றிய ஆஸ்திரிய கலீசியாவின் கிராமங்களுக்குள் புகுந்து இதற்கு விடை தேடினார். ‘பாத்கிவ்ஷ்சினா’ என்ற பத்திரிகைக்குக் கிராமத்து ஆட்கள் எழுதிய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டார். எழுதியவர்கள் குடியானவர்கள், பள்ளி ஆசிரியர்கள், தேவாலயத்தில் பாடும் ‘த்யாக்’ என்பவர்கள்.

1868இல் தொடங்கிய ‘புரோஸ்வித்தா’ சங்கமும் அதன் வழியில் வந்தவர்களும் ஊர்தோறும் படிப்பகம் திறந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படிப்பகத்துக்கு எதிரி சாராயக்கடை. ஆகவே குடியை விடுவதும் பத்திரிகை கேட்பதும் கூட்டுறவுக் கடை வைப்பதும் ஒரே மூட்டையாக வந்தன. சாராயக்கடையையும் வட்டிக்கடையையும் நடத்தியவர்கள் பெரும்பாலும் யூதர்கள் என்பதால், விழிப்பும் பகையும் சேர்ந்தே வளர்ந்தன. ஹிம்கா இதை மறைக்கவில்லை. நிலப்பிரபுவின் காட்டில் விறகு பொறுக்கும் உரிமை போனது பற்றிய புலம்பலும், ‘நாம் யார்’ என்ற கேள்வியும் அந்தக் கடிதங்களில் கலந்தே வருகின்றன. தேசியம் மேலிருந்து கீழே ஊற்றப்பட்டது என்று நினைப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல்.

அந்தக் கடிதக்காரர்கள் தங்களை ‘ரூசின்’ என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். ‘உக்ரேனியர்’ என்ற பெயர் கலீசியாவில் ஊன்றியது கிட்டத்தட்ட இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில். அதுவரை போலிஷ்காரராகிவிடலாம், ரஷ்யரோடு ஒட்டிக்கொள்ளலாம், தனி ரூசினாகவே நிற்கலாம். எல்லாப் பக்கமும் கதவு திறந்திருந்தது. 1914இல் போர் வந்ததும் ஆஸ்திரியா ரஷ்ய ஆதரவாளர்களைப் பிடித்துத் தாலெர்ஹோஃப் முகாமில் அடைத்தது. அதே ஆண்டு லிவிவுக்குள் நுழைந்த ரஷ்யப் படை, கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயர் ஷெப்டிட்ஸ்கியைப் பிடித்துக்கொண்டு போனது. எந்தக் கதவு யாருக்குத் திறந்திருக்கும் என்பதைச் சிறைகளும் தீர்மானித்தன.

ரஷ்யப் பேரரசின் பக்கம் கதை வேறு. இவான் கொத்லியாரெவ்ஸ்கி வெர்ஜிலின் காவியத்தைக் கொசாக்குகளின் கேலிக்கதையாக மாற்றி எழுதிய ‘எனெயீதா’ 1798இல் பீட்டர்ஸ்பர்கில் அச்சானது. பேச்சுத் தமிழ்போல அதுவரை அச்சில் ஏறாத மொழி அதில் ஏறியது என்று வைத்துக்கொள்ளலாம். 1840இல் தராஸ் ஷெவ்சென்கோவின் ‘கொப்ஸார்’ கவிதைத் தொகுப்பு. ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர். ஓவியர் பிரியுல்லோவ் வரைந்த ஒரு படத்தைக் குலுக்கலில் விட்டு, கிடைத்த 2,500 ரூபிளைக் கொடுத்து அவரை 1838இல் மீட்டார்கள். 1847இல் கைதாகிப் படைவீரராக நாடுகடத்தப்பட்டபோது எழுதவும் வரையவும் தடை. இதே ஷெவ்சென்கோ நாட்குறிப்பையும் குறுநாவல்களையும் ரஷ்ய மொழியில் எழுதினார். எழுத்தாளர் கோகல் பொல்தாவா மாவட்டத்துக்காரர். தன் ஆன்மா உக்ரேனியமா ரஷ்யமா என்று தனக்கே தெரியவில்லை என 1844இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டவர். சோவியத் பதிப்புகளின் வழியே ‘தாரஸ் புல்பா’வைத் தமிழில் படித்த என் தலைமுறைக்கு அவர் ரஷ்ய எழுத்தாளர், கேள்விக்கே இடமில்லை. அந்த நாவலின் 1835 வடிவத்துக்கும், ரஷ்ய மண்ணின் பெருமையைத் தூக்கிப் பிடிக்கும் 1842 வடிவத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவ், பாடநூல்களையும் சமய நூல்களையும் உக்ரேனிய மொழியில் அச்சிடக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். 1876இல் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் ஓய்வெடுக்கப் போன ஜார் இன்னும் கடுமையான ஆணையில் கையெழுத்திட்டார்: வெளியிலிருந்து நூல் வரக் கூடாது, நாடகம் கூடாது, இசைக்குறிப்பின் கீழே பாட்டு வரிகளும் கூடாது. உக்ரேனிய ஆய்வாளர்கள் இதைக் காலனி ஒடுக்குமுறையாகப் படிக்கிறார்கள். ரஷ்ய வரலாற்றாசிரியர் அலெக்ஸேய் மில்லர் 2000இல் வேறு கோணத்தில் பார்த்தார்: பெரும் ரஷ்யர், சிறு ரஷ்யர் (உக்ரேனியர்), வெள்ளை ரஷ்யர் (பெலாரஸியர்) மூவரையும் ஒரே தேசமாக வார்க்க நினைத்த அரசு, பள்ளிக்கூடம் கட்டும் செலவுக்குப் பதிலாகத் தடையை நம்பியது, அதனால் தோற்றது என்கிறார். தடையின் வலியை மில்லர் போதுமான அளவு உணரவில்லை என்பது என் எண்ணம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவனை எந்த மொழிக்கும் மாற்ற முடியாது என்ற அவர் வாதத்தைத் தள்ள முடியவில்லை. ஃபெயித் ஹில்லிஸ் 2013இல் இன்னொரு முரணைக் கண்டெடுத்தார்: தீவிர ரஷ்ய தேசியவாதத்தின் கோட்டைகளில் ஒன்றாகக் கீவே இருந்தது, அதைக் கட்டியவர்களில் பலர் ‘சிறு ரஷ்யர்’கள்.

இவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டியவர் ரோமன் ஸ்போர்லுக். உக்ரைன் உருவாவது என்றால் பழைய போலந்தும் பழைய ரஷ்யாவும் கலைவது என்றே பொருள், இரண்டு அண்டை தேசங்களும் தங்களை மறுபடி வரையறுக்காமல் மூன்றாவது பிறக்க முடியாது என்றார். போலந்து அந்த வேலையை வலியோடு முடித்துவிட்டது. ரஷ்யா முடிக்கவில்லை என்பதற்குப் புதின் 2021 ஜூலையில் ‘வரலாற்று ஒற்றுமை’ பற்றி எழுதிய கட்டுரையைவிட வேறு சான்று வேண்டாம்.

சோவியத் காலத்தைப் பற்றிய பார்வை கடந்த முப்பது ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் மாஸ்கோ அடக்கியது என்று ஒரே வரியில் முடிப்பார்கள். டெர்ரி மார்ட்டின் 2001இல் காட்டியது: 1920களில் மாஸ்கோவே உக்ரேனிய மொழியையும் அலுவலர்களையும் வளர்த்தது, பிறகு அதே கையால் வெட்டியது. ஒரே ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லலாம். உக்ரேனிய நெடுங்கணக்கில் ‘ஹ’ ஒலிக்கு ஓர் எழுத்து. நம் ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க’ ஒலிக்கு வேறோர் எழுத்து உண்டு. முந்தைய எழுத்தின் உச்சியில் ஒரு சிறு கொம்பு முளைத்தாற்போல இருக்கும். 1928இல் கல்வி ஆணையர் மிகோலா ஸ்க்ரிப்னிக் ஒப்புதல் தந்த கார்கிவ் எழுத்துமுறையில் அதற்கு இடம் இருந்தது. ஐந்தே ஆண்டில், உக்ரேனியத்தை ரஷ்யத்திடமிருந்து விலக்கிப் போலிஷ் பக்கம் இழுக்கும் சதி என்று குற்றம் சாட்டி அந்த எழுத்தை நீக்கினார்கள். 1933 ஜூலையில் ஸ்க்ரிப்னிக் தன்னைச் சுட்டுக்கொண்டார். கிராமங்களில் பஞ்சம் லட்சக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோன ஆண்டு அது. மக்கள்தொகை ஆய்வாளர்கள் பலர் அந்தப் பஞ்சத்தின் சாவுகளை 40 லட்சத்தை ஒட்டிக் கணக்கிடுகிறார்கள். அந்த எழுத்து 1990இல்தான் நெடுங்கணக்குக்குத் திரும்பியது. புலம்பெயர்ந்தவர்கள் மட்டும் அதை விடாமல் அச்சிட்டு வந்தார்கள்.

எல்லைக்கு அப்பால், போலந்து ஆட்சியில் இருந்த மேற்குப் பகுதியில் தேசியவாதம் கறுத்தது. திமித்ரோ டோன்ட்சோவ் 1926இல் வெளியிட்ட ‘தேசியவாதம்’ நூல் அறிவைவிட விருப்பாற்றலையும் வெறியையும் போற்றியது. அவர் சோஷலிஸ்டாகத் தொடங்கியவர், பிறந்தது தெற்கே மெலிடோபோலில். அவருக்கு நேர் எதிர் முனையில் நின்றவர் வியாசெஸ்லாவ் லிபின்ஸ்கி: வொலீனியாவின் போலிஷ் பிரபுக் குடும்பம், ரோமன் கத்தோலிக்கர், மன்னராட்சி ஆதரவாளர். அந்த மண்ணில் வாழ்ந்து அதற்காக உழைப்பவர் எந்த மொழி பேசினாலும் எந்த மதமானாலும் உக்ரேனியரே என்று வாதாடினார். இளைஞர்கள் டோன்ட்சோவின் பக்கம் போனார்கள். 1929இல் வியன்னாவில் உக்ரேனிய தேசியவாதிகள் அமைப்பு பிறந்தது. 1941இன் லிவிவ் யூதப் படுகொலையிலும், 1943இல் வொலீனியாவில் பல்லாயிரம் போலிஷ்காரர்கள் கொல்லப்பட்டதிலும் அந்த மரபின் கை உண்டு. புலம்பெயர்ந்த வரலாற்றெழுத்து இதை நெடுங்காலம் கம்பளத்துக்குக் கீழே தள்ளியது. படிப்பகங்களைப் பற்றி அவ்வளவு பரிவோடு எழுதிய அதே ஹிம்கா 2021இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். சொந்தச் சமூகத்தில் வசவும் வாங்கினார். ரஷ்யப் பிரசாரம் இந்த உண்மையைக் கையில் எடுத்து உக்ரைன் முழுவதையும் நாஜி என்கிறது. அதற்குப் பயந்து உண்மையை விழுங்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் சகிக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லிவிவை உக்ரேனிய நகரமாக்கியது யார் என்று தாரிக் அமர் 2015இல் கேட்டார். போருக்கு முன் அந்நகரில் உக்ரேனியர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. யூதர்களை ஜெர்மானியர் அழித்தார்கள், போலிஷ்காரர்களை ஸ்டாலின் அனுப்பிவைத்தார். தேசியவாதிகள் கனவு கண்ட நகரம் அவர்களுடைய பகைவனின் ஆட்சியில் வந்து சேர்ந்தது.

1965 செப்டம்பர் 4, கீவின் ‘உக்ரைனா’ திரையரங்கு. இயக்குநர் பராஜனோவின் ‘மறந்துபோன முன்னோர்களின் நிழல்கள்’ படத்தின் முதல் காட்சி. பராஜனோவ் ஜார்ஜியாவில் பிறந்த அர்மேனியர். இலக்கிய விமர்சகர் இவான் ஜூபா மேடையேறி, உக்ரேனிய அறிவாளிகள் சத்தமில்லாமல் கைதாகிறார்கள் என்று அறிவித்தார். எதிர்ப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று அரங்கிலிருந்து குரல் வந்தது. சிலர் எழுந்தார்கள். அவர்களில் கவிஞர் வசீல் ஸ்தூஸும் ஒருவர். இருபது ஆண்டு கழித்து முகாமில் இறந்தார். ஜூபா எழுதிய ‘சர்வதேசியமா, ரஷ்யமயமா?’ லெனினை மேற்கோள் காட்டியே சோவியத் அரசைக் கூண்டில் ஏற்றியது.

1991 டிசம்பர் வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விடுதலையை ஆதரித்தார்கள். ரஷ்ய மொழி பேசும் தோனெத்ஸ்கில் 80க்கு மேல், கிரிமியாவில் 54. பிறகு மிகோலா ரியாப்சுக் கிழக்கு மேற்கு என்று ‘இரண்டு உக்ரைன்’களைப் பற்றி எழுதினார், யரோஸ்லாவ் ஹ்ரித்சாக் இருபத்திரண்டு உண்டு என்று பதில் சொன்னார். 2014இன் கீவ் கிளர்ச்சிக்குப் பிறகு வோலோதிமிர் குலிக் போன்றவர்கள் கவனித்தது, ரஷ்ய மொழியை வீட்டில் பேசிக்கொண்டே தங்களை உக்ரேனியர் என்று சொல்வோர் பெருகியதை. லிபின்ஸ்கியை மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

2014 ஜனவரி 22 அன்று அந்தக் கிளர்ச்சியில் சுடப்பட்டு இறந்தவர் செர்ஹி நிகோயான். வயது 20. கராபாக் போரிலிருந்து தப்பி வந்த அர்மேனியக் குடும்பத்தின் பிள்ளை, தினிப்ரோ பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவர். சில வாரங்களுக்கு முன் எடுத்த ஒரு காணொளி இன்னும் இணையத்தில் இருக்கிறது. தாடி வைத்த அந்த இளைஞர் கேமராவைப் பார்த்து ஷெவ்சென்கோவின் ‘காக்கசஸ்’ கவிதையைச் சொல்கிறார். ஜாரின் படை காக்கசஸை மிதித்ததைப் பற்றி 1845இல் எழுதிய கவிதை அது.