எழுத்தின் ஓவியமும் சொல்லின் பொருளும்: எபிரேய விவிலிய வாசிப்பில் பட எழுத்து முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

எபிரேய எழுத்துகள் தொடக்கத்தில் ஓவியங்களாக இருந்தன. ஆகவே ஒரு சொல்லின் எழுத்துகளை ஓவியங்களாகப் பிரித்து நோக்கினால் அச்சொல்லின் மூலப்பொருள் வெளிப்படும் என்னும் கருத்து விவிலிய வாசிப்பில் பரவி வருகிறது. இக்கருத்தின் முற்பாதி தொல்லியல் சான்றுடையது. பிற்பாதி அச்சான்றிலிருந்து பெறப்படுவதன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதும், விவிலியப் பனுவலில் காட்சி வடிவத்திற்கு உண்மையாகவே உள்ள இடத்தை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: எபிரேயம், பட எழுத்து, முதலொலி முறை, பொருண்மையியல், விவிலியத் திறனாய்வு.

முன்னுரை

எபிரேயத்தில் தந்தையைக் குறிக்கும் 'ஆவ்' என்னும் சொல் ஆலெப், பேத் என்னும் இரண்டு எழுத்துகளால் ஆனது. ஆலெப்பின் தொல்வடிவம் எருதின் தலை. பேத்தின் தொல்வடிவம் வீடு. எருது வலிமையைக் குறிக்கும் எனக் கொண்டு, 'வீட்டின் வலிமையே தந்தை' என இச்சொல்லுக்கு விளக்கம் கூறுவர். கேட்போர் மனத்தில் உடனே பதியும் விளக்கம் இது. மூலமொழியைக் கற்க வாய்ப்பில்லாதவருக்கு, மூலத்தையே தொட்டுவிட்ட நிறைவையும் இது தருகிறது. ஆயினும் ஒரு விளக்கம் இனிமையாக இருப்பது வேறு. மெய்யாக இருப்பது வேறு. இம்முறை மறையுரையோடு நில்லாமல் ஆய்வு முறையாகவும் முன்வைக்கப்படுவதால், இதன் அடிப்படைகளைச் சோதிப்பது தேவையாகிறது.

1. பட எழுத்தின் தோற்றம்

சினாய்த் தீவக்குறையில் உள்ள செராபித் எல்-காதிம் என்னுமிடத்தில் எகிப்தியர் நீலப்பச்சைக் கல் வெட்டியெடுத்தனர். அங்கே 1905இல் பிளிண்டர்ஸ் பெட்ரி, எகிப்திய எழுத்தை ஒத்தும் அதனினின்று வேறுபட்டும் இருந்த கல்வெட்டுகளைக் கண்டார். 1916இல் ஆலன் கார்டினர் அவற்றை விளக்கும் வழியைக் காட்டினார். வீடு, கண், தாற்றுக்கோல், குறுக்குக்கோடு ஆகிய நான்கு குறிகள் அவற்றில் ஒரே வரிசையில் மீண்டும் மீண்டும் வந்தன. ஒவ்வொரு பொருளின் செமித்தியப் பெயரிலும் முதல் ஒலியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். 'பாலத்', அதாவது 'தலைவி' என்னும் சொல் கிடைத்தது. அவ்விடத்தில் கோயில் கொண்டிருந்த ஹாத்தோர் தேவியைச் செமித்தியர் அழைத்த பெயர் அது.

இதுவே முதலொலி முறை. வீட்டின் ஓவியம் வீட்டைக் குறிக்காமல் 'ப்' என்னும் ஒலியையே குறித்தது. ஓவியம் தன் பொருளை இழந்த அந்தக் கணத்திலேயே அது எழுத்தாயிற்று. கார்டினர் அந்நான்கு குறிகளையும் 'வீடு, கண், கோல், குறி' எனப் பொருள்கூட்டிப் படித்திருப்பாராயின் கல்வெட்டு இன்றும் வாய் திறந்திராது. பட எழுத்து வாசிப்பினர் தமக்கு ஆதாரமாகக் காட்டும் அதே கண்டுபிடிப்பு அவர்தம் முறையை மறுத்து நிற்பது நோக்கத்தக்கது.

2. மூன்று தடைகள்

முதல் தடை, சொல் எழுத்தினும் மூத்தது என்பதாகும். தந்தையைக் குறிக்கும் சொல் அக்காதியத்தில் 'அபு' எனவும் அரபியில் 'அப்' எனவும் வழங்குகிறது. அக்காதியம் ஆப்பெழுத்தில் எழுதப்பட்ட மொழி. அதில் ஆலெப்பும் இல்லை, பேத்தும் இல்லை. எருதும் வீடும் வரையப்படாத எழுத்து முறையிலும் அச்சொல் தந்தையையே குறித்ததெனில், அப்பொருள் ஓவியங்களிலிருந்து பிறந்ததாக இருக்க இயலாது.

இரண்டாம் தடை, ஒலிக்கும் எழுத்துக்கும் இடையிலான பொருத்தமின்மை. எபிரேய எழுத்துகள் 22. அவற்றைக் கொண்டு எழுதப்பட்ட மெய்யொலிகளோ அதனினும் மிகுதி. 'ஆயின்' என்னும் எழுத்து, முற்காலத்தில் வெவ்வேறாக ஒலிக்கப்பட்ட இரண்டு ஒலிகளுக்குப் பொதுவாயிற்று. காசா, கொமோரா என்னும் ஊர்ப்பெயர்கள் எபிரேயத்தில் ஆயின் எழுத்தில் தொடங்குகின்றன. ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அவற்றைக் 'காமா' எழுத்தால் எழுதினர். தமிழ் விவிலியத்தில் அவை ககரத்தில் தொடங்குவதும் அவ்வழி வந்ததே. அப்பெயர்களின் தொடக்க ஒலி கண்ணைக் குறிக்கும் சொல்லின் தொடக்க ஒலியன்று. எனவே அங்கே 'கண்'ணைத் தேடுவோர், அச்சொல்லில் தொடக்கம் முதலே இல்லாத ஓர் ஓவியத்தைத் தேடுகின்றனர்.

மூன்றாம் தடை, இம்முறைக்கு எல்லையின்மை. 'ஆவ்' என்பதற்குரிய அதே இரண்டு எழுத்துகளுடன், கதவின் ஓவியமாகக் கொள்ளப்படும் டாலெத்தைச் சேர்த்தால் 'அழிதல்' எனப் பொருள்படும் வினையடி கிடைக்கிறது. வீட்டின் வலிமை கதவண்டை வந்ததும் அழிவாக மாறுவானேன்? இதற்கும் ஒரு விளக்கம் புனைய முடியும். எதற்கும் விளக்கம் புனைய முடிவதே இங்குக் குறைபாடு. எந்தச் சொல்லாலும் பொய்ப்பிக்க இயலாத முறை எந்தச் சொல்லையும் மெய்ப்பிப்பதில்லை. மேலும், ஓவியங்களின் அடையாளமே சிலவிடத்து உறுதியற்றது. டாலெத்தின் தொல்வடிவம் கதவா மீனா என்பதிலும், கிமெலின் தொல்வடிவம் எறிகோலா ஒட்டகமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இத்தடை எளிதில் விளங்கும். 'ஆ' என்பது பசுவைக் குறிக்கும் ஓரெழுத்தொருமொழி. அதனால் ஆறு, ஆடை, ஆணி ஆகிய சொற்களிலெல்லாம் பசு நிற்பதாக எவரும் கொள்வதில்லை. சொல்லின் பொருளை அதன் பிறப்பிலன்றி வழக்கில் தேடவேண்டும் என்பதை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலிய மொழியின் பொருண்மை பற்றிய நூலில் விரிவாக வாதிட்டார். வேர்ச்சொல்லாய்வுக்கே அவர் விதித்த எச்சரிக்கை, எழுத்தோவியத்திற்கு இன்னும் வலுவாகப் பொருந்தும்.

3. பனுவலின் அகச்சான்று

விவிலியப் புலவர்கள் தம் எழுத்துகளை எவ்வாறு நோக்கினர் என்பதற்கு 119ஆம் சங்கீதம் சிறந்த சான்று. எழுத்துக்கு எட்டு வசனமாக, 22 எழுத்துகளுக்கு 176 வசனங்கள் கொண்டது அது. தமிழ்ப் பதிப்புகள் சிலவற்றில் அப்பகுதிகளுக்கு எபிரேய எழுத்துப் பெயர்களே தலைப்பாக நிற்கின்றன. பேத் பகுதியின் எட்டு வசனங்களில் ஒன்றுகூட வீட்டைக் குறிக்கும் சொல்லால் தொடங்கவில்லை. பெரும்பாலானவை வேற்றுமைப்பொருள் தரும் 'ப' என்னும் முன்னொட்டால் தொடங்குகின்றன. வீடு என்னும் சொல் சாயின் பகுதியில், 54ஆம் வசனத்தில் வருகிறது. ஆயின் பகுதியின் எட்டு வசனங்களில் 123ஆம் வசனம் ஒன்றே 'கண்' என்னும் சொல்லால் தொடங்குகிறது. எழுத்தையே பாட்டின் எலும்புக்கூடாகக் கொண்ட புலவரும் அதன் ஒலியையும் வரிசையையும் பயன்படுத்தினாரேயன்றி ஓவியத்தைப் பயன்படுத்தவில்லை.

4. காட்சி வாசிப்பின் உரிய இடம்

இதனால் காட்சி வழி வாசிப்பு முழுவதும் பயனற்றது எனக் கொள்ளலாகாது. எசேக்கியேல் 9:4இல் நெற்றியில் இடப்படும் அடையாளத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'தௌ', அதாவது கடைசி எழுத்தின் பெயரே. பண்டை எழுத்தில் அது இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் வடிவினது. தமிழில் 'அடையாளம்' எனப் படிப்போர்க்கு மறையும் அக்காட்சியைத் தொல்லெழுத்தியல் மீட்டுத் தருகிறது. நியாயாதிபதிகள் 18:30இல் மோசேயின் பெயர் மனாசே என வாசிக்கப்படுமாறு 'நூன்' எழுத்து ஒன்று வரிக்கு மேலே தொங்கவிடப்பட்டுள்ளது. எண்ணாகமம் 10:35-36 வசனங்களுக்கு இருபுறமும் தலைகீழ் நூன் குறிகள் நிற்கின்றன. இவை பனுவலைப் படியெடுத்துக் காத்தோர் கண்ணுக்கென்றே அமைத்த குறிகள்.

எழுத்தின் வடிவிலிருந்து அறம் உரைக்கும் மரபும் யூதரிடம் உண்டு. பாபிலோனியத் தால்முத்தின் 'சப்பாத்' பகுதியில், கிமெலின் கால் டாலெத்தை நோக்கி நீண்டிருப்பது ஏழையைத் தேடிச் செல்லும் ஈகையாளனின் நடை என விளக்கப்படுகிறது. இவ்விளக்கம் கண்முன் நின்ற சதுர எழுத்தைக் கொண்டு கூறப்பட்டது. அது அறவுரையாகவே நிற்கிறது. தன்னைச் சொற்பொருள் அகராதியாகக் காட்டிக்கொள்வதில்லை. இன்றைய பட எழுத்து வாசிப்பு பிறழ்வது இவ்விடத்திலேதான். கற்பனையின் வேலையைச் செய்துவிட்டு வரலாற்றின் அதிகாரத்தைக் கோருகிறது அது.

முடிவுரை

எபிரேய எழுத்துகள் ஓவியத்திலிருந்து பிறந்தன என்பது மெய். அவ்வோவியங்கள் சொற்பொருளைத் தம்முள் சேமித்து வைத்தன என்பதற்குச் சான்றில்லை. படியெடுத்தோர் இட்ட குறியும் பனுவலே சுட்டும் எழுத்துவடிவும் ஆய்வுக்கு உரியவை. வாசகர் எழுத்தினுள் காணும் ஓவியம் அறவுரைக்கு உரியது. இரண்டிற்கும் இடையே உள்ள கோட்டைக் காப்பது மறைநூலின் மதிப்பைக் குறைப்பதாகாது. மூலமொழி அறியாத மாணவர், இனிமையான ஒரு விளக்கத்தை மூலமென நம்பி, பிற்காலத்தில் மூலத்தைக் கற்கும்போது இரண்டையும் ஒருசேர ஐயுறும் நிலையைத் தவிர்ப்பது ஆசிரியர் கடமை. எருதையும் வீட்டையும் காட்டி ஆலெப்பையும் பேத்தையும் கற்பிக்கலாம். எழுத்துகள் மனத்தில் நிற்க அதுவே நல்ல வழி. தந்தை என்னும் சொல்லின் பொருளை மட்டும் அச்சொல் வழங்கும் தொடர்களிலிருந்தே கற்பிக்க வேண்டும்.