தாத்தாவின் தாள் எங்கே?

2021இல் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா கேரளத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்ல, எனவே அவருடைய தேர்தல் செல்லாது என்று 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இதை ஆவணங்களின் வெற்றி என்று கொண்டாடுபவர்கள் உண்டு. மலைத்தமிழர் ஒவ்வொருவரும் இப்படியே பழைய பதிவேடுகளைத் தேடி, சாதிச் சான்றிதழுக்குத் தேவையானபடி தந்தைவழி முன்னோர் 1950க்கு முன்பே கேரளத்துக்கு வந்ததை நிறுவிக்கொள்ளலாமே என்கிறார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கே இரண்டு நீதிமன்றமும் நான்கு ஆண்டும் தேவைப்பட்டன. கொழுந்து பறிப்பவருக்கு எத்தனை ஆண்டு ஆகும்?

முன்னோரைத் தேடுவதில் பயன் இல்லாமல் இல்லை. கங்காணி அழைத்துவர மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் திருநெல்வேலிப் பக்கமோ மதுரைப் பக்கமோ ஒரு பூர்வீக ஊர் அதில் கிடைக்கிறது. பொய்ச் சான்றிதழ் காட்டி ஒதுக்கீட்டைத் தின்பவரைத் தடுக்கவும் ஏதோ ஒரு சான்று வேண்டும்தான்.

ஆனால் எந்தப் பதிவேட்டைத் தேடுவது? இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்ததும் வீட்டுவாரிக் கணக்கெடுப்பை மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் வெளியானது. நம்முடைய 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ, அந்தப் பதிவுகளைப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை, சிவில் வழக்கில் சான்றாகவும் ஏற்கமுடியாது என்கிறது. முக்கியமாக மிஞ்சுவது தோட்டத்து ஆள்வருகைப் பதிவேடான செக்ரோலும் தேவாலயத்து ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளும்தான். இவற்றில் ஏழைகளின் பெயரை ஒழுங்காக எழுதிவைத்தது தேவாலயம். அதில் பெயர் இருந்தாலோ, 1950 ஆகஸ்ட் 10இன் பட்டியல் சாதிகள் ஆணைப்படி சலுகை போய்விடுகிறது; கிறிஸ்தவருக்கு அதில் இடமில்லை. ராஜாவின் வழக்கில் உயர் நீதிமன்றம் சி.எஸ்.ஐ. தேவாலயப் பதிவேடுகளையும் திருமணப் படங்களையும் அவருக்கு எதிராகவே படித்தது. தாள் இல்லாவிட்டால் வந்தேறி, தாள் இருந்தால் மதம் மாறியவர்.

பாலக்காட்டுப் பக்கம் நிலைமை இன்னும் வேடிக்கை. 1950இல் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அன்று பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் பிழைக்கப் போனவர் மாநிலம் தாண்டவில்லை. 1956 நவம்பர் 1 அன்று எல்லைதான் அவரைத் தாண்டியது. கல்பாத்தி அக்ரகாரத்தில் கோத்திரத்தோடு தலைமுறைகளை அடுக்கிச் சொல்லும் தமிழ்க் குடும்பத்திடம் 1950க்கு முன் எங்கே இருந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வி ஒதுக்கீடு தேவைப்படுபவருக்கு மட்டும் உரியது.

இவை எல்லாவற்றையும்விட என்னை நெடுங்காலமாக உறுத்துவது ‘தந்தைவழி’ என்பதுதான். இடம்பெயர்ந்தவரின் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் தருவது பற்றி மத்திய உள்துறை அமைச்சகம் 1982இல் அனுப்பிய கடிதம், தந்தைக்குத் தரப்பட்ட சான்றிதழைத்தான் ஆதாரமாகக் கேட்டது. கலப்புமணப் பிள்ளைக்குத் தாயின் சாதியை நிரூபிக்க வழியுண்டு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், தொடக்க அனுமானம் தந்தையின் பக்கமே நின்றது. தோட்டத்து வாழ்க்கை அப்படி ஓடவில்லை. கங்காணியின் முன்பணக் கணக்கு ஆண் பெயரில் இருந்தது. கொழுந்து பறித்தது பெண். கணவன் ஊர் திரும்பினாலும் செத்துப்போனாலும், லயத்து வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தவள் அவள். 2015 செப்டம்பரில் நிர்வாகத்தையும் தொழிற்சங்கங்களையும் ஒருசேர எதிர்த்து மூணாறு சாலையில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமை இயக்கத் தோட்டப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மலையில் வேர்விட்டது யார் என்று விளங்கியிருக்கும். அலுவலகம் மட்டும் அப்பாவின் அப்பாவையே தேடுகிறது.

இந்தக் கேள்வியால் தோட்டத் தமிழர் அழிந்த கதை நமக்குத் தெரியாததா? 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவரிடமும் தந்தை இலங்கையில் பிறந்தாரா என்று கேட்டது. இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று கேட்டது. பல லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அந்தக் கறையைத் துடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தார்கள். அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் விடுபட்டார்கள். இளவயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களுக்குத் தங்கள் தந்தை யார் என்று தாளில் காட்டுவதே அங்கு பெரும்பாடாக இருந்தது.

பெண் பெயரைத் தேடினால் மட்டும் கிடைத்துவிடுமா என்று கேட்கலாம். முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலிலிருந்து நாடெங்கும், முக்கியமாக வட மாநிலங்களில், சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தம் பெயரைத் தெரிவிக்காததே காரணம். 1950ஐ ஒட்டிய பதிவேடுகளின் லட்சணம் இது. அவற்றில் ஒருவர் பெயர் காணாமல்போனதற்கு அவர் வராதது காரணமாக வேண்டியதில்லை; எழுதியவர் எழுதாமல் விட்டிருக்கலாம். அந்தக் குறைக்குப் பேத்தியைத் தண்டிப்பதை நிர்வாகக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழை தோற்பதற்கென்றே அமைத்த தேர்வு இது.

முன்னோரைத் தேடும் ஆசை உள்ளவர் தேடட்டும். அதைச் சான்றிதழுக்கு நிபந்தனை ஆக்கக்கூடாது. தோட்ட நிறுவனங்களிடம் கிடக்கும் பழைய செக்ரோல்களையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவுகளையும் தேடித் திரட்டும் வேலை கேரள அரசுடையது. தாயின் பெயரும் பாட்டியின் பெயரும் தந்தையின் பெயருக்கு நிகரான சான்றாக வேண்டும். ஒருவரின் பூர்வீகத்தைச் சந்தேகிப்பவர் யாரோ அவரே அதை நிரூபிக்கட்டும்.