எஃப்-150க்கு எந்தப் பெட்ரோல்?

அமெரிக்கப் பெட்ரோல் பங்க்கில் பெரும்பாலும் மூன்று பொத்தான்கள் இருக்கும்: 87, 89, 91 அல்லது 93. எண் ஏற ஏற விலையும் ஏறும். நம் ஊர் லாரிக்காரருக்கு இந்தத் தலைவலி இல்லை. அவருக்கு டீசல் போதும். ஆனால் அமெரிக்காவில் விற்கும் பிக்கப் டிரக்குகளில் பெரும்பாலானவை பெட்ரோல் குடிப்பவை. அதிலும் ஃபோர்டு எஃப்-150யின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின்தான் இந்தக் கேள்விக்குச் சரியான சோதனைக்களம்.

(அங்கே 87 என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். அளக்கும் முறை வேறு. இந்தியாவில் முன்பு சாதாரணமாக விற்ற 91 பெட்ரோலும் அதுவும் ஏறக்குறைய ஒரே தரம்தான்.)

இந்த எண்கள் குறிக்கும் ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி அல்ல, பொறுமை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, நெருப்புப்பொறியின் வேலை முடியும் முன்பே ஒரு பகுதி எரிபொருள் தானாக வெடித்தால் அதுதான் 'நாக்கிங்'. டர்போ காற்றைத் திணிப்பதால் இந்த ஆபத்து கூடுகிறது. நாக்கிங்கை சென்சார் உணர்ந்ததும் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எஞ்சின் தப்பிக்கிறது, இழுவை குறைகிறது.

எவ்வளவு குறைகிறது? 'கார் அண்ட் டிரைவர்' இதழ் 2019இல் இந்த எஞ்சினைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 93இல் 5.3 விநாடி, 87இல் 5.9. காலியாக ஓடும் வண்டியில் அந்த அரை விநாடி யாருக்கு வேண்டும்? 36 காலன் டேங்க் உள்ள வண்டியில், காலனுக்கு 80 சென்ட் கூடுதல் என்றால் ஒரு முறை நிரப்பவே ஏறக்குறைய 29 டாலர் அதிகம்.

கோடை வெயிலில், மலை ஏற்றத்தில், பின்னால் கனமான டிரெய்லர் என்றால் கதை வேறு. எஞ்சின் நீண்ட நேரம் முழு மூச்சில் உழைக்கும் வேளை அது. ஃபோர்டின் கையேடே அன்றாடத்துக்கு 87, டிரெய்லர் இழுக்க பிரீமியம் என்கிறது. அந்தப் பயணத்துக்கு மட்டும் 91 அல்லது 93 போடுவது காசுக்கேற்ற செலவு.

நடுவில் இருக்கும் 89? எஃப்-150க்கு அது இரண்டும் கெட்டான். ராம் 1500 பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினுக்கு அந்த நிறுவனமே பரிந்துரைப்பது 89தான் என்பதால் அங்கே அதற்கு மரியாதை உண்டு.

87க்கென்றே வடிவமைத்த எஞ்சினில் பிரீமியம் ஊற்றுவது சுத்த வீண். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016இல் நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் எஞ்சின்களைச் சோதித்தபோது சொல்லத்தக்க பலன் எதுவும் கிடைக்கவில்லை. இப்படி ஓராண்டில் 210 கோடி டாலர் விரயமானது என்பது அதன் அன்றைய மதிப்பீடு.

கொலராடோ போன்ற மலைப் பகுதிகளில் 85 என்றொரு பொத்தானும் இருக்கும். அது கார்புரேட்டர் காலத்து மிச்சம். டர்போ வண்டிக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். 87க்குக் கீழே இறங்கக் கூடாது என்றே கையேடும் சொல்கிறது.