மூன்று மரணங்களும் ஓர் அழைப்பும்

திண்டிவனம் பற்றிய மிஷன் கதையாடல்களில் தவறாமல் வருவது அந்த இரவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, நோயுற்ற தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து என மூன்று பேர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டுகின்றனர். பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் ஆண் மருத்துவர் கூடாது. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். ஐடா இதைக் கடவுளின் அழைப்பாக ஏற்றார். 1899இல் மருத்துவப் பட்டம், 1900இல் வேலூர், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

இப்பிரதியின் மௌனங்களைத்தான் நான் முதலில் வாசித்தேன். இறந்த பெண்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் சாவு இன்னொருத்தியின் வாழ்வுக்கு அர்த்தம் தரும் கருவியாகிறது. 'தேவசித்தம்' என்ற சொல் சாதியையும் ஆணாதிக்கத்தையும் ஒரே வீச்சில் மறைத்துவிடுகிறது. இந்த வாசிப்பில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் இது போதுமா?

1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், சீர்திருத்த சபையைச் சேர்ந்தது. அந்தச் சபை ஏற்றுக்கொண்ட பிரமாணங்களில் ஒன்று 1618-19இல் டார்ட் நகர மாமன்றம் வகுத்தது. மீட்பு என்பது மனித முயற்சியால் வருவதல்ல, கடவுள் தெரிந்துகொள்வதால் வருவது என்பது அதன் மையம். விசுவாசிகளின் சிசுக்கள் இறந்துபோனால் பெற்றோர் அவர்களின் மீட்பைச் சந்தேகிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆக, செத்த பிள்ளைக்கு உத்தரவாதம் உண்டு. வளர்ந்து, சபையை விட்டு வெளியேறிய பிள்ளைக்கு?

அந்தப் பிள்ளை நான். திண்டிவனத்தில் வளர்ந்து விழுப்புரத்தில் குடியேறிய என் அம்மாவிடம், "வளர்ப்பு சரியில்லையே டீச்சர்" என்று சபையார் சொன்னதுண்டு. பிள்ளையின் ஆத்துமாவுக்குத் தாயே கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஊர்ச்சபைகளின் எழுதாத சட்டம். அப்பாக்களிடம் யாரும் கேட்பதில்லை. அம்மா சொன்ன பதில்: "நான் பெத்தவதான், படைச்சவ இல்ல. அவன் கணக்கு அவருகிட்ட இருக்குது."

இதைப் பல வருஷம் அடிமைத்தனம் என்றே நினைத்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. கடவுளின் இறையாண்மையைச் சொல்லித்தான் அவள் சபையின் அதிகாரத்தை மறுத்தாள். குற்றவுணர்வைச் சுமக்க மாட்டேன் என்றாள். மகனையும் அப்படித்தான் விடுவித்தாள். எனக்காக ஜெபிப்பதை நிறுத்தவில்லை. என்னைக் கோயிலுக்கு இழுப்பதை நிறுத்தினாள்.

ஆனால் தடுப்பூசியையும் பள்ளிக்கூடத்தையும் அவள் தேவசித்தத்துக்கு விட்டதில்லை. ஐடாவும் மூன்று சாவுகளை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை, மருத்துவம் படிக்கப் போனார். ஒப்புக்கொடுத்தல் வேறு, கைவிடுதல் வேறு. அதிகாரம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பெண்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

ஒன்று மிச்சமிருக்கிறது. அன்று அந்த மூன்று தாய்மாரின் வயிற்றிலிருந்த சிசுக்கள்? நான் கேட்ட கதை வடிவங்கள் எதிலும் அவை இல்லை. விசுவாசிகளின் பிள்ளைகளுக்கென்று டார்ட் எழுதிய உத்தரவாதத்துக்குள்ளும் அவை வரா. அம்மாவைச் சீண்டுவதற்காகவே இதைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்: "அதுங்க மட்டும் யாரு புள்ளைங்களாம்? அதுங்களயும் அவருதான் பாத்துக்குவாரு."

மாமன்றம் போட்ட வேலியை அவள் தாண்டிவிட்டாள். அவள் நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை மறுக்கும் கோட்பாடு எதுவும் என் கையில் இல்லை.