பக்கத்தில் நின்ற பெரியவர்கள்

ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் தமிழ்ப் படைப்புகளை தலித் எழுத்து, பெண் எழுத்து, வரலாற்று நாவல் என்று பிரித்து வைத்தே பேசிப் பழகிவிட்டோம். சேர்த்து வாசித்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி கிடக்கிறது. அறியாப் பருவம் உடைகிற நேரத்தில் பக்கத்தில் நின்ற பெரியவர் யார், அவர் என்ன செய்தார்?

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் சிறுமி பூப்படையும்போது அம்மா ஊரில் இல்லை. வீட்டாரின் பரபரப்பும் பூடகப் பேச்சும் அவளை மிரட்டுகின்றன. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். பெண் கறுப்பு என்று உறவில் ஒரு சம்பந்தம் தட்டிப்போன எரிச்சலோடு திரும்பும் அம்மா, மகள் பெரியவளானதைப் பாரமாகப் பேசிவிடுகிறாள். தலைப்பு மிகையல்ல. அதுவரை அந்தச் சிறுமிக்கு அழகும் கருணையும் அம்மாவாகவே இருந்தன. வெளியாள் யாரும் அவற்றை இப்படி ஒரே பேச்சில் அழித்திருக்க முடியாது.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) நாவலில் பெரியவர்களே அரண்டு போயிருக்கிறார்கள். செகந்தராபாத் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரனுக்கு கிரிக்கெட்டும் கல்லூரியும்தான் உலகம். ஐதராபாத் நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்களில், அந்த ஆட்சிக்கு ஆதரவாக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்களுக்கு அஞ்சுகிற தரப்பில் இருந்தவன் அவன். 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்த பிறகு அச்சம் இடம் மாறுகிறது. தற்செயலாக அவன் நுழைந்த முஸ்லிம் வீட்டில், குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பெண் தன்னையே தர முன்வருகிறாள். தன்னைக் கண்டும் ஒரு வீடு இப்படி நடுங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஓடுகிறான்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் (2000) ஆடு மேய்க்கும் கூளையனுக்கு அப்பனும் ஆத்தாவும் உண்டு. ஆனால் அவனைக் கவுண்டர் பண்ணையத்தில் கூலிக்கு விட்டிருக்கிறார்கள். அவனுக்கு வாய்த்த பெரியவர் தண்டிக்கிறவர் மட்டுமே.

இந்த வரிசையில் என் மனசுக்கு மிக நெருக்கமானது பூமணியின் ‘வெக்கை’ (1982). அண்ணனைக் கொன்றவனைப் பழிதீர்த்துவிட்டு ஓடுகிற சிதம்பரத்துக்கு வயது 15. அய்யா அவனைத் திட்டவில்லை, மெச்சவும் இல்லை. கூடவே தலைமறைவாகிறார். காட்டில் இருவரும் பொங்கித் தின்று, மாறி மாறித் தூங்கி, கடைசியில் கோர்ட்டில் சரணடையப் புறப்படுகிறார்கள். இந்த நாவலைத் தழுவிய ‘அசுரன்’ (2019) படம் தந்தையின் பழங்கதையை முன்னே கொண்டுவந்தது. நாவலோ பையனின் பக்கத்திலேயே நிற்கிறது. அந்த நாட்களில் அய்யாவோடு சரிக்குச் சரியாகப் பேசுகிறவனாக அவன் ஆகிவிடுவதை, பூமணி விளக்கம் எதுவும் சொல்லாமல் உரையாடலிலேயே காட்டுகிறார்.

பாமாவின் ‘கருக்கு’ (1992) தன்வரலாறு. பள்ளிவிட்டு வரும் சிறுமி, ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் சரடில் தூக்கிப் பிடித்து நிலக்காரரிடம் கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதற்குக் காரணம் தீட்டு என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுபோகிறது. அண்ணன் இன்னொன்றும் சொல்கிறார்: படித்தால் மரியாதை வரும். பாமா படித்தார், ஆசிரியரானார், ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க நினைத்து கன்னியர் மடத்தில் சேர்ந்தார். சாதி அங்கேயும் இருந்தது. அண்ணன் காட்டிய வழி அதற்குமேல் போகவில்லை. மடத்தை விட்டுத் தனியாளாக வெளியே வந்த பிறகுதான் பாமா இந்தப் புத்தகத்தை எழுதினார்.